நகரக் கழிவுநீரிலுள்ள நைதரசனைப் பற்றீரியாவைக் கொண்டு அகற்றுதல்: யாழ்ப்பாணத்துக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கப் போகின்றவர் முதலில் விசாரிப்பது கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவரா என்பதைத்தான். அதே இரண்டு பரப்புக் காணியின் பின்மூலையில் மலக்குழி எங்கே இருக்கிறது, அயல் வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுகின்ற இக்குடாநாட்டில், நாம் நிலத்துக்குள் விடுகின்ற நீரையே மீண்டும் இறைத்துக் குடிக்கிறோம்.

நிலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ஸ் என்ற இருவர் 1877இலேயே காட்டிவிட்டார்கள். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயினூடாக அவர்கள் கழிவுநீரை மெதுவாகச் செலுத்தினார்கள். ஏறத்தாழ இருபது நாட்கள் அமோனியா மாற்றமின்றி வெளியே வந்தது. அதன் பின்னர் அமோனியா மறைந்து நைத்திரேற்று வரத் தொடங்கியது. குளோரோபோம் சேர்த்தபோது அந்த மாற்றம் நின்றுபோனதால், அதைச் செய்தவை உயிர்கள் என்பது உறுதியாயிற்று. செம்மண்ணும் அதன் கீழே துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லும் கொண்ட நமது நிலம் அந்தக் குழாயின் பெரிய வடிவமேயாகும். அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் முதற்பாதி வேலையை நிலம் இலவசமாகச் செய்கிறது. நைத்திரேற்றை வாயுவாக்கி வானுக்கு அனுப்பும் இரண்டாம் பாதிக்குத் தேவையான காபன் உணவு ஆழத்திலுள்ள கல்லில் போதிய அளவு இல்லை. ஆகவே இங்கே ஒரு சுத்திகரிப்பு நிலையம் அந்த இரண்டாம் பாதியைச் செய்கிறதா என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும். தெளிவான, மணமற்ற, ஆனால் நைத்திரேற்று நிறைந்த நீரை உறிஞ்சுகுழிக்கு விடுகின்ற நிலையம், நிலம் செய்யவிருந்ததையே மின்கட்டணம் செலுத்திச் செய்கிறது.

இவ்வழிகாட்டி குடியிருப்புத் தொகுதி, விடுதி, வைத்தியசாலை, சந்தைக் கட்டடம் ஆகியவற்றில் அமையக்கூடிய சிறு நிலையங்களை மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது. பெரிய நகர நிலையத்துக்கும் கணக்கு இதுவே. தாங்கியின் அளவே மாறும்.

எந்தப் பற்றீரியா என்ன செய்கிறது

ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் நைதரசனைக் கழிவுடன் வெளியேற்றுகிறார். அதில் பெரும்பகுதி சிறுநீரிலுள்ள யூரியா. குழாயில் ஓடும்போதே அது அமோனியாவாகிவிடுகிறது. நைத்திரசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், நைத்திரோஸ்பைரா, நைத்திரோபற்றர் ஆகியவை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இரண்டு படிகளையும் தனியே செய்யவல்ல நைத்திரோஸ்பைரா இனங்கள் இருப்பது 2015இல் தெரியவந்தது. இவையெல்லாம் ஒட்சிசன் இல்லாமல் வேலை செய்யமாட்டா. மிக மெதுவாகவே பெருகும். மாறாக, நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றுபவை கழிவுநீரில் சாதாரணமாக வாழும் பலவகைப் பற்றீரியாக்கள். ஒட்சிசன் கிடைத்தால் அவை அதையே சுவாசிக்கும். அது இல்லாதபோது மட்டும் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். அதற்கு அவற்றுக்கு உண்பதற்குக் காபன் வேண்டும். முதற்கூட்டத்துக்குக் காற்று வேண்டும், இரண்டாங்கூட்டத்துக்குக் காற்று ஆகாது; வடிவமைப்பு முழுவதும் இந்த முரணைச் சமாளிப்பதற்காகவே இருக்கிறது.

படி 1: அளந்த பின்னரே தொடங்குதல்

ஒரு வாரம், நாளின் வெவ்வேறு நேரங்களில், வருகின்ற நீரின் அளவையும் அதிலுள்ள மொத்த நைதரசன், அமோனியா, உயிரிரசாயன ஒட்சிசன் தேவை (நீரிலுள்ள காபன் உணவு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு), காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்), பி.எச். ஆகியவற்றையும் அளக்க வேண்டும். காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் வருகின்ற நீர் மற்ற நேரத்தைவிடச் செறிவாக இருக்கும். திருமண மண்டபம் இணைந்திருந்தால் முகூர்த்த நாளொன்றையும் வாரத்துக்குள் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஆய்வறிக்கையைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அலகு. நைத்திரேற்றை நைத்திரேற்றாகவே சொல்வதும், அதிலுள்ள நைதரசனாகச் சொல்வதும் வேறுவேறு. முன்னையது பின்னையதின் 4.43 மடங்கு. குடிநீருக்கான எல்லையான லீற்றருக்கு 50 மி.கி. நைத்திரேற்று என்பது 11.3 மி.கி. நைதரசனுக்குச் சமம். "அறிக்கையில் 12தான் இருக்கிறது, 50க்கு எவ்வளவோ கீழே" என்று ஒருவர் நிம்மதியடைவதை நான் பார்த்திருக்கிறேன்; அந்த 12 நைதரசனாகக் குறிக்கப்பட்டிருந்தது. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து உடல் நீலம்பாரிக்கும் நோயைத் தடுப்பதற்காகவே அந்த எல்லை வைக்கப்பட்டது என்பதால், இது வெறும் கணக்குப் பிழையாக முடியாது.

அமோனியாவையும் நைத்திரேற்றையும் அளப்பதற்கான மாதிரியை எடுத்தவுடனேயே வடிதாளில் வடிக்க வேண்டும். போத்தலுக்குள் பற்றீரியா இருந்தால், ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவை தம் வேலையைத் தொடர்ந்து எண்ணிக்கையை மாற்றிவிடும்.

படி 2: தாங்கிகளை ஒழுங்குபடுத்துதலும் அளவு கணக்கிடுதலும்

எளிய, நம்பகமான ஒழுங்கு இது: சல்லடை, எண்ணெய்ப் பொறி, நீரின் வரத்தைச் சமப்படுத்தும் தாங்கி, காற்றில்லாத தாங்கி, காற்றூட்டும் தாங்கி, படிவுத் தாங்கி. காற்றூட்டும் தாங்கியின் முடிவிலிருந்து நைத்திரேற்று நிறைந்த கலவைநீரை (பற்றீரியாச் சேறும் நீரும் கலந்ததை) பம்பி மூலம் காற்றில்லாத தாங்கிக்குத் திருப்ப வேண்டும். அங்கே புதிதாக வருகின்ற கழிவுநீரின் காபனும், திரும்பி வந்த நைத்திரேற்றும் சந்திக்கின்றன. படிவுத் தாங்கியின் அடியில் தங்குகின்ற சேறும் அங்கேயே திரும்ப வேண்டும்.

ஆயிரம் பேருக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு 120 லீற்றர் எனில் நாளொன்றுக்கு 120 கனமீற்றர் நீர்; நைதரசன் 10 கிலோ, அதாவது லீற்றருக்கு 83 மி.கி.; உயிரிரசாயன ஒட்சிசன் தேவை 45 கிலோ, அதாவது லீற்றருக்கு 375 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். பற்றீரியா தம் உடலை வளர்க்க எடுத்துக்கொள்ளும் பகுதியையும் மிஞ்சுகின்ற சிறிதளவையும் கழித்தால், ஏறத்தாழ 65 மி.கி. நைத்திரேற்றாக மாறும். நாளொன்றுக்கு 36 கிலோ சேறு உருவாகும் என்றும், சேறு பத்து நாட்கள் தாங்கிகளில் தங்க வேண்டும் என்றும், கலவைநீரின் செறிவு கனமீற்றருக்கு 3.5 கிலோ என்றும் கொண்டால், இரண்டு தாங்கிகளும் சேர்ந்து 103 கனமீற்றர் வேண்டும். அதில் நாற்பது வீதத்தைக் காற்றில்லாத தாங்கிக்கு ஒதுக்கலாம்.

இப்போது திருப்புதல் வீதம். வருகின்ற நீரின் மூன்று மடங்கு கலவைநீரும் ஒரு மடங்கு சேறும் திரும்பினால், உருவாகும் நைத்திரேற்றில் ஐந்தில் நான்கு பங்கு அகலக்கூடும். மிஞ்சுவது 13 மி.கி. நான்கு மடங்கும் ஒரு மடங்கும் எனில் ஆறில் ஐந்து பங்கு அகலும், மிஞ்சுவது 10.8 மி.கி. நமது எல்லை 11.3 ஆகையால், ஒரேயொரு மடங்கு வித்தியாசம் எல்லைக்கு மேலா கீழா என்பதைத் தீர்மானிக்கிறது. அதற்காக எட்டு மடங்கு, பத்து மடங்கு என்று பம்பியைப் பெரிதாக்கினால் பயன் குறைகிறது, மின்கட்டணம் கூடுகிறது, கூடவே ஒட்சிசனும் காற்றில்லாத தாங்கிக்குள் போகிறது. இன்னும் குறைக்க விரும்பினால், காற்றூட்டும் தாங்கிக்குப் பின்னால் சிறிய இரண்டாவது காற்றில்லாத தாங்கியொன்றை அமைத்து, அதில் வெளியிலிருந்து காபன் சேர்த்து, கடைசியாகச் சிறிது நேரம் காற்றூட்டி வெளியேற்றுவதே முறை. குடிநீர்க் கிணறுகள் அருகில் இருக்குமிடத்தில் நான் அதைக் கட்டாயமாகவே கருதுவேன்.

ஏற்கெனவே ஒரே தாங்கியுடன் கட்டப்பட்ட நிலையத்தை உடைக்க வேண்டியதில்லை. ஒரு கலக்கியையும் ரைமரையும் பொருத்தி, காற்றை இரண்டு மணிநேரம் திறந்து ஒரு மணிநேரம் நிறுத்தி வைத்தால், அதே தாங்கி மாறிமாறி இரண்டு வேலைகளையும் செய்யும். காற்று நின்ற வேளையில் கலக்கி ஓடாவிட்டால் சேறு அடியில் படிந்துவிடும். மேலே இருக்கும் நைத்திரேற்று அங்கேயே இருக்கும்.

படி 3: காபனைக் காப்பாற்றுதல்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுகின்ற இடம் இது. கழிவுநீர் எவ்வளவு "சுத்தமாக" நிலையத்துக்குள் வருகிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணி, முன்னால் ஒரு பெரிய மலக்கழிவுத் தாங்கியைக் கட்டிவிடுகிறார்கள். அந்தத் தாங்கி காபனைப் படியவைத்து மெதேன் வாயுவாக்கிவிடும்; அமோனியாவை ஒன்றும் செய்யாது. பின்னால் வருகின்ற நீரில் நைதரசன் இருக்கும், அதை அகற்றத் தேவையான உணவு இருக்காது. உயிரிரசாயன ஒட்சிசன் தேவை நைதரசனைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மேலே காட்டிய கணக்கில் அது நான்கரை மடங்கு. மலக்கழிவுத் தாங்கியைக் கடந்து வந்தால் அது இரண்டாகவும் குறையலாம். ஏற்கெனவே தாங்கி இருந்தால், கழிவுநீரின் ஒரு பகுதியை அதைச் சுற்றி நேராகக் காற்றில்லாத தாங்கிக்குக் கொண்டுவரலாம்.

எண்ணெயை மட்டும் முன்னரே பிரிக்க வேண்டும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் சமையலறையிலிருந்து வந்து மேலே படலமாகி, நூலிழைபோன்ற பற்றீரியாக்களையும் பழுப்பு நுரையையும் வளர்க்கும்.

வெளியிலிருந்து காபன் சேர்ப்பதாயின் மெதனோல் உலகெங்கும் பயன்படுகிறது. தீப்பற்றும் பொருளாதலால் சிறு நிலையத்தில் வைத்திருக்க நான் விரும்பமாட்டேன். சீனிக்கரைசல் போதும். ஒரு கிராம் நைத்திரேற்று நைதரசனுக்கு ஐந்து கிராம் சீனி என்று தொடங்கலாம். 120 கனமீற்றர் நீரில் மேலும் 5 மி.கி. குறைக்க நாளொன்றுக்கு 3 கிலோ சீனி வேண்டும். கடையில் விலை கேட்டவுடன், வருகின்ற நீரிலுள்ள காபனின் அருமை தானாகவே விளங்கும்.

படி 4: தொடங்குதல்

நன்றாக இயங்கும் வேறொரு நிலையத்தின் உயிர்ச்சேற்றைப் பவுசரில் கொண்டுவந்து, தாங்கியின் பத்திலொரு பங்காவது நிரப்பினால் வாரங்கள் மிச்சமாகும். பொதியில் விற்கப்படும் பற்றீரியாத் தூள்களை வாங்கும்படி பலர் வற்புறுத்துவார்கள். தேவையான இனங்கள் கழிவுநீரிலும் மண்ணிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது காலமும் காற்றும்தான். அந்தப் பணத்தில் ஒட்சிசன் அளக்கும் கருவியொன்றை வாங்குவதே என் ஆலோசனை.

முதலில் நீரில் மூன்றிலொரு பங்கை மட்டும் உள்ளே விட்டு, வாரந்தோறும் கூட்ட வேண்டும். அமோனியா குறையத் தொடங்கியதும் நைத்திரைற்று ஏறும். சில நாட்களின் பின்னர் அது விழுந்து நைத்திரேற்று ஏறும். இந்த வரிசையைத் தாளில் கோடாக வரைந்து பார்க்கும்போது, இரண்டு பற்றீரியாக் கூட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறுவது கண்முன் தெரியும். நமது வெப்பநிலை 27 முதல் 30 பாகை வரை நிற்பதால், குளிர்நாடுகளில் மாதங்கள் எடுப்பது இங்கே மூன்று நான்கு வாரங்களில் நடக்கும்.

படி 5: காற்றைக் கட்டுப்படுத்துதல்

ஒரு கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க 4.57 கிராம் ஒட்சிசன் வேண்டும். நைத்திரேற்று வாயுவாகும்போது ஒவ்வொரு கிராம் நைதரசனுக்கும் 2.86 கிராம் ஒட்சிசனுக்குச் சமமான பயன் திரும்பக் கிடைக்கிறது. நமது ஆயிரம்பேர் நிலையத்தில் காபனுக்கு 50 கிலோ, அமோனியாவுக்கு 36 கிலோ, திரும்பக் கிடைப்பது 18 கிலோ. ஆக நாளொன்றுக்கு 68 கிலோ. இரண்டாம் பாதியைச் செய்வது மின்கட்டணத்தையும் குறைக்கிறது என்பதை நிர்வாகத்துக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல எண் இல்லை.

காற்றூட்டும் தாங்கியில் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மி.கி. அளவில் நிற்க வேண்டும். காற்றில்லாத தாங்கியில் 0.2க்கு மேல் போகக்கூடாது. நான் முதன்முதலில் பொறுப்பெடுத்த நிலையத்தில், காற்று கூடினால் நல்லதுதானே என்று எண்ணி இரண்டு புளோவர்களையும் இரவு பகலாக ஓடவிட்டேன். தாங்கியில் ஒட்சிசன் 5ஐத் தாண்டியது. நீர் பளிங்குபோல் இருந்தது. பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். பத்தாம் நாள் வந்த அறிக்கையில் நைத்திரேற்று இருமடங்காகியிருந்தது. திருப்பும் பம்பி அந்த ஒட்சிசனையும் சேர்த்தே காற்றில்லாத தாங்கிக்குக் கொண்டுபோய்க் கொட்டியதால், அங்கிருந்த பற்றீரியா காபனை ஒட்சிசனோடு உண்டுவிட்டு நைத்திரேற்றைத் தொடாமலே விட்டிருந்தன. ஒரு புளோவரை நிறுத்திய மூன்றாம் நாளே எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது.

அதற்காகக் காற்றை அளவுக்கு மீறிக் குறைத்தாலும் கேடு உண்டு. ஒட்சிசன் அரைகுறையாகக் கிடைத்து நைத்திரைற்று தேங்கும் நிலையில் நைதரசு ஒட்சைட்டு உருவாகும். புவியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டைவிட இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் வலிமையானது.

படி 6: சேற்றின் வயதைப் பேணுதல்

நைத்திரேற்றாக்கும் பற்றீரியா மெதுவாகப் பெருகுவதால், அவை பெருகும் வேகத்தைவிட விரைவாகச் சேற்றை வெளியேற்றினால் அவை கழுவப்பட்டுப் போய்விடும். நமது வெப்பநிலையில் காற்றுள்ள பகுதியில் ஆறு நாள் வயது பாதுகாப்பானது. மொத்தமாகப் பத்து நாள். இதைப் பேண மிக எளிய வழி, நாள்தோறும் தாங்கிகளின் கொள்ளளவில் பத்திலொரு பங்கைக் கலவைநீராகவே எடுத்துவிடுவது. நமது உதாரணத்தில் அது 10.3 கனமீற்றர். செறிவு கூடினாலும் குறைந்தாலும் வயது மாறாது. கணக்குப் போடவும் வேண்டாம். எடுத்த சேற்றை மணற்படுக்கையில் பரப்பினால் யாழ்ப்பாணத்து வெயில் கோடையில் மிச்ச வேலையைச் செய்துவிடும். வடிகின்ற நீரை நிலையத்தின் தொடக்கத்துக்கே திருப்ப வேண்டும். உலர்ந்த சேற்றில் குடற்புழு முட்டைகள் உயிரோடிருக்கக்கூடும் என்பதால், கீரைக்கும் வெங்காயத்துக்கும் அதைப் போடக்கூடாது.

படி 7: காரத்தன்மையைக் கவனித்தல்

ஒரு மி.கி. அமோனியா நைதரசன் மாறும்போது 7.14 மி.கி. காரத்தன்மை (கல்சியங் காபனேற்றாகக் கணக்கிட்டது) செலவாகிறது, அது வாயுவாகும்போது 3.57 மி.கி. திரும்புகிறது. நமது கணக்கில் 464 செலவு, 193 வரவு. தேறிய செலவு லீற்றருக்கு 271 மி.கி. கடைசியில் 100 மிஞ்சவும் வேண்டும். கேத்தலில் வெள்ளைப் படை கட்டுகின்ற நமது கிணற்று நீர் இந்த விடயத்தில் வரப்பிரசாதம். சுண்ணாம்புக்கல்லே நமக்காகக் காரத்தன்மையைச் சேர்த்து அனுப்புகிறது. ஆனால் கடல்நீரைச் சுத்திகரித்து வழங்கும் தாளையடி நிலையம் 2024இல் திறக்கப்பட்டபின், குழாய்நீரை மட்டும் பயன்படுத்தும் கட்டடங்களில் இந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். உப்புநீக்கிய நீரில் காரத்தன்மை இயல்பாகவே குறைவு. பி.எச். 6.8க்குக் கீழே இறங்கினால் நைத்திரேற்றாக்கம் தளரும். 50 மி.கி. குறைவை ஈடுசெய்ய 120 கனமீற்றருக்கு 10 கிலோ அப்பச்சோடா அல்லது நாலரைக் கிலோ நீறிய சுண்ணாம்பு போதும். சுண்ணாம்பைப் பாலாகக் கரைத்துச் சிறிது சிறிதாகவே விட வேண்டும்.

நாள்தோறும் ஒரு கண்ணாடி உருளை

கருவிகள் எல்லாவற்றையும்விட ஒரு லீற்றர் கண்ணாடி உருளையையே நான் அதிகம் நம்புகிறேன். தினமும் ஒரே நேரத்தில் காற்றூட்டும் தாங்கியிலிருந்து அதை நிரப்பி, நிழலில் வைத்து, அரை மணிநேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல சேறு கருப்பட்டி நிறத்தில், முதல் மழை விழுந்த செம்மண்ணின் மணத்தோடு இருக்கும். சில நிமிடங்களில் அவல்போன்ற துணுக்குகளாகத் திரண்டு, அரை மணியில் 350 மில்லிலீற்றர் அளவுக்குப் படிந்து, மேலே தெளிந்த நீரை விடும். 500ஐத் தாண்டியும் படியாமல் நின்றால் நூலிழைப் பற்றீரியா பெருகுகிறது. எண்ணெய்ப் பொறியையும் ஒட்சிசனையும் பார்க்க வேண்டும்.

உருளையை உடனே கழுவிவிடாமல் இன்னும் இரண்டு மணிநேரம் விட்டுவைக்க வேண்டும். அடியில் படிந்த சேற்றில் ஊசிமுனையளவு குமிழிகள் தோன்றி, திடீரென்று ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து மேலே மிதந்து வரும். அது நைதரசன் வாயு. பற்றீரியா தம் வேலையைக் கண்ணாடிக்குள் செய்து காட்டுகின்றன. ஒரு மணிநேரத்துக்குள்ளேயே அப்படி மிதந்தால், படிவுத் தாங்கிக்குள் நைத்திரேற்று அதிகமாகப் போகிறது என்பது பொருள். அங்கேயும் சேறு மேலெழும்பி வெளியேறும் நீரோடு போய்விடும். சேறு திருப்பும் பம்பியை விரைவுபடுத்துவது உடனடி மருந்து. முன்னாலுள்ள காற்றில்லாத தாங்கியில் நைத்திரேற்றைக் குறைப்பதே முழு மருந்து.

கோளாறுகளில் அடிக்கடி வருபவை

அமோனியா திடீரென்று ஏறினால் முதலில் ஒட்சிசன், பிறகு பி.எச்., பிறகு யாராவது கிருமிநாசினியைக் கொட்டினார்களா என்பது என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஒரு விடுதியில் நீர்த்தாங்கி கழுவிய குளோரின் கரைசலை ஒரே வாளியாக வடிகாலில் ஊற்றியதால், நைத்திரேற்றாக்கம் மீள இரண்டு வாரங்கள் எடுத்தன. நைத்திரேற்று மட்டும் ஏறினால் திருப்பும் பம்பி, காபன், காற்றில்லாத தாங்கியின் ஒட்சிசன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காற்றில்லாத தாங்கி கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே நைத்திரேற்று முற்றாகத் தீர்ந்துவிட்டது. திருப்பும் அளவைக் கூட்டலாம். மின்வெட்டு இரண்டு மூன்று மணிநேரம் நீடித்தால் பற்றீரியா சாகா. மின்சாரம் வந்ததும் சமப்படுத்தும் தாங்கியிலிருந்து நீரை ஒரேயடியாக விடாமல் இருந்தால் போதும்.

காற்றூட்டும் தாங்கியின் குமிழி நிறைந்த நீரில் விழுந்தவர் நீந்தி மிதப்பது கடினம். மூடிய குழிக்குள் ஐதரசன் சல்பைட்டு ஒரே மூச்சில் மயக்கிவிடும். கைப்பிடிக்கம்பி இல்லாத தாங்கியின் விளிம்பில் நடக்கவோ, தனியாளாகக் குழிக்குள் இறங்கவோ எவரையும் அனுமதிக்கக்கூடாது.

நைத்திரைற்றையும் அமோனியாவையும் நேரடியாக இணைத்து வாயுவாக்கும் அனமொக்ஸ் பற்றீரியா 2002 முதல் ரொட்டர்டாமில் பெரிய அளவில் பயன்படுகிறது. வெப்பமும் செறிந்த அமோனியாவும் அவற்றுக்கு விருப்பம்; வெப்பம் நம்மிடம் உண்டு. ஆயினும் அவை பெருகும் வேகம் மிகக் குறைவு என்பதால், முதல் நிலையத்தை அவற்றை நம்பிக் கட்டச்சொல்லமாட்டேன்.

வெளியேறும் நீர்

லீற்றருக்கு 10 மி.கி. நைதரசன் மிஞ்சியுள்ள நீரை உறிஞ்சுகுழியில் விடுவதைவிட, கிருமிநீக்கம் செய்தபின் வாழைக்கும் தென்னைக்கும் மாட்டுப்புல்லுக்கும் பாய்ச்சுவது மேல். வேர்கள் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும், உரச்செலவும் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாய்ச்சல் தேவைப்படாது. அந்த மாதங்களுக்கு இரண்டாவது காற்றில்லாத தாங்கியும் சீனிக்கரைசலும் தயாராக இருக்க வேண்டும். நிலையத்தைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று கிணறுகளில், நிலையம் தொடங்குவதற்கு முன்னர் ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் மாரிக்கு முன்னரும் பின்னரும் நைத்திரேற்றை அளந்து, அலகோடு சேர்த்து ஒரே கொப்பியில் எழுதி, கிணற்றுக்காரர் கேட்டால் காட்டக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும்.